யப்பான் பிள்ளைகள் வந்த சாமத்தியவீடு

நான் ஆங்கிலம் படிப்பிக்கிற இடம் ரொறொன்ரோ நகர நடுவில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை போட்டிருந்தாலும் அது நாலு வகுப்பறையும் ஒரு கோப்பி மெஷினும்தான். கீழே பல்லைத் துளைக்கிற சத்தம், மேலே நான் இறந்தகாலம் சொல்லிக்கொடுக்கிற சத்தம். வெளிநாடுகளிலிருந்து கொஞ்சக் காலத்துக்கு ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள்தான் எங்கள் மாணவர்கள்.

ஒரு வருடம், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நேரம், யப்பானிலிருந்து ஒரு பெண்கள் பாடசாலை மாணவிகள் சுற்றுலா வந்தார்கள். காலையில் வகுப்பு, பின்னேரத்தில் ஊர் பார்ப்பது. கூட்டிக்கொண்டு திரிகிற வேலை எனக்கு. எங்கள் அலுவலகத்தை நடத்துகிற கிரேக்கப் பெண்மணி, "உங்களுடன் ஒரு கனேடிய ஆசிரியை எப்போதும் இருப்பார்" என்று அவர்களுக்கு எழுதி அனுப்பியிருந்தா. அதை உறுதிப்படுத்த எனக்கு மேப்பிள் இலை போட்ட சிவப்பு ஜாக்கெட் ஒன்றும், தடியில் கட்டிய சின்னக் கொடி ஒன்றும் தந்தா. கொடியை உயர்த்திப் பிடித்தால் பிள்ளைகள் தொலைய மாட்டார்களாம்.

விமான நிலையத்தில் அவர்களுடைய வாத்தியார் முதலில் வெளியே வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். சாம்பல் நிறக் கோட், கையில் ஒரு தோல் பை. எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நிமிர்ந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கனேடிய ரீச்சர் எங்கே?"

"நான்தான்."

"ஐ ஸீ," என்றார். திரும்பவும் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள், நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் அவருடைய கண் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டு வரும். ஒருமுறை நானே திரும்பிப் பார்த்தேன், உண்மையிலேயே யாரும் நிற்கிறார்களோ என்று. பிள்ளைகளுக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. அவர்களுக்கு நான் வெளிநாட்டு ரீச்சர். எந்த வெளிநாடு என்பது அவர்களுக்கு முக்கியமில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சிநிரலில் 'கனேடியக் கிராமிய விருந்து' என்று இருந்தது. நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பான்கேக், அதற்கு ஊற்ற மேப்பிள் பாணி, பிடில் வாசிக்க ஒருவர், சதுர நடனம் பழக்க ஒரு தம்பதி. பிள்ளைகள் பாடசாலைச் சீருடையில் வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கடும் நீலக் கோட், மடிப்புப் பாவாடை, முழங்கால் வரை காலுறை. எல்லோரும் ஒரே மாதிரி பஸ்ஸில் ஏறி இருந்தார்கள்.

பஸ் கிழக்கே போகத் தொடங்கியது. நான் நகரின் கிழக்கே, ஸ்காபரோவில், மல்வேர்னில் இருக்கிறவள். வீட்டுக்குப் போகிற வழி எனக்குத் தெரியாதா? சாரதியிடம் போய், "இது ஸ்காபரோவுக்குப் போகிற பாதையல்லவா?" என்று கேட்டேன். அவர் ஒரு போர்த்துக்கீசக் கிழவர். "ஜிபிஎஸ் சொல்லுது," என்று திரையைக் காட்டினார். நான் ஏதோ குறுக்குவழி என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. இந்த நகரத்துப் பெரிய வீதிகளுக்கு ஒரு கிழக்கு இருக்கிறது, ஒரு மேற்கு இருக்கிறது. ஒரே பெயர், ஒரே இலக்கம் இரண்டு பக்கத்திலும் இருக்கும். சாரதி ஜிபிஎஸ்ஸில் கிழக்கை அடித்துவிட்டார். கிழக்கிலும் அந்த இலக்கத்தில் ஒரு மண்டபம் இருந்தது, வாசலில் பூ வளைவும் பலூனும் கட்டியிருந்தது. பார்த்தால் எங்களை எதிர்பார்த்திருக்கிற மாதிரித்தான் இருந்தது. எங்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்த இடம் பார்க்கிறேன் என்று அவர் போய்விட்டார்.

கதவைத் திறந்ததும் பன்னீர் வாசம் வந்தது.

வாசலில் பட்டுச்சேலை உடுத்த ஒரு அன்ரி பன்னீர்ச் செம்போடு நின்றா. பக்கத்து மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. சுவரில் ஒரு சிறுமியின் ஆளுயரப் படம், நகையும் பூவும் பூட்டி, கன்னத்தில் விரல் வைத்தபடி. சாமத்தியவீடு, பெட்டை பெரியவளானதைக் கொண்டாடுகிற விழா. அன்ரி எங்களைக் கண்டு ஒரு கணம்தான் திகைத்தா. அடுத்த கணம் வாத்தியாரின் தலையில் பன்னீரைத் தெளித்தா. வாத்தியார் குனிந்து வணங்கினார். குனிந்த தலையில் இன்னொருதரம் தெளித்தா. பின்னால் பிள்ளைகள் வரிசை பிசகாமல் நின்று ஒவ்வொருவராகத் தலையைக் கொடுத்தார்கள்.

"அன்ரி, பொறுங்கோ. நாங்கள் இடம் மாறி வந்திட்டம்," என்றேன்.

"இடமெல்லாம் வேண்டியமட்டும் கிடக்கு பிள்ளை. முன்னுக்கே இருக்கலாம். ஏன் வாசலிலை நிக்கிறியள்?"

நான் வாத்தியாரின் பக்கம் திரும்பி, "சேர், ரோங் பிளேஸ்," என்றேன். என் உச்சரிப்போ அவருடைய காதோ தெரியாது, அவர் மண்டபத்தை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் பார்த்தார். "யெஸ். வெரி லோங்," என்று தலையாட்டினார்.

அதற்குள் வேட்டியும் கோட்டும் போட்ட ஒருவர் கிட்டத்தட்ட ஓடிவந்தார். பிள்ளையின் தகப்பன்.

"யப்பானிலையிருந்தெல்லோ வந்திருக்கினம்?"

"ஓம் அண்ணை, ஆனால்..."

'ஓம்' என்பதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும்! எங்கட கொம்பனி யப்பான்காரற்றை. கார் பார்ட்ஸ் செய்யிறது. இந்தக் கிழமை யப்பானிலையிருந்து ஆக்கள் வருகினம், ஏலுமெண்டால் கூட்டிக்கொண்டு வாறனெண்டு மனேச்சர் சொன்னவர். நான் நம்பேல்லைத் தங்கச்சி. உவ்வளவு பேரை அனுப்பியிருக்கிறாரே!" அவருடைய கண் கலங்கிவிட்டது. வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாத்தியாரும் விடவில்லை.

இரண்டு தரம் மறுத்துச் சொன்னேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாங்கள் மேடைக்கு முன்னால் முதல் மேசைகளில் இருத்தப்பட்டோம். அங்கே இருந்த சிலரை எழுப்பி இடம் எடுத்தார்கள். சாரதிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பன்னீர் அன்ரி என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டா.

"உவ்வளவும் உவற்றை பிள்ளையளோ?"

"இல்லை அன்ரி. பள்ளிக்கூடப் பிள்ளையள்."

அவ கேட்டது பாதிதான். ஒரே உடுப்பில் வரிசையாக இருந்த பிள்ளைகளைப் பார்த்தா. பிறகு வாத்தியாரின் நரைத்த தலையைப் பார்த்தா. "எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள். ஐயோ பாவம் மனுசன், எப்பிடிக் கரைசேர்க்கப் போகுதோ," என்று பெருமூச்சு விட்டா.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் நின்ற பக்கத்தில் ஒரு பதற்றம். பிள்ளையை அழைத்து வரும்போது முன்னுக்குத் தட்டம் தூக்கிக்கொண்டு வரவேண்டிய பெட்டைகளில் பாதிப்பேர் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு விபத்து, எல்லோரும் காருக்குள் சிக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டங்களோ பழமும் பலகாரமும் பூவுமாகத் தயாராக இருக்கின்றன, தூக்க ஆளில்லை. தாய்க்காரி அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டா. பன்னீர் அன்ரி எழும்பினா. முதல் மேசையைப் பார்த்தா. எனக்கு நடக்கப்போவது விளங்கியது.

"அன்ரி, வேண்டாம்."

"பள்ளிக்கூடப் பிள்ளையள் எண்டு நீர்தானே சொன்னனீர். தூக்கட்டும்."

இப்படித்தான் யப்பான் பிள்ளைகளின் கைகளில் தட்டங்கள் ஏறின. ஒருத்திக்குக் கொழுக்கட்டை, ஒருத்திக்கு மாம்பழம், ஒருத்திக்குப் பணியாரக் கோபுரம். தட்டம் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்று ஒரு தட்டம் பறிக்கப்பட்டது, பிறகு கணக்குப் பிழைத்ததென்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்கிறது? "மெதுவாக நடவுங்கள்," என்றேன். நான் சொன்னதில் அன்றைக்கு ஒழுங்காக நிறைவேறியது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் நடந்த மாதிரி எங்கட பெட்டைகள் ஒருநாளும் நடந்ததில்லை. ஒரு பழம் உருளவில்லை.

அவர்களுக்குப் பின்னால் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு பல்லக்கு, அதற்கு மேலால் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒரு ட்ரோன். பல்லக்கில் இருந்த பெட்டையின் முகம், எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே பல்லுப் பிடுங்க வருகிற ஆட்களின் முகம் போல இருந்தது. நகைப் பாரம் தாங்காமல் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேடைக்குக் கிட்ட வந்ததும் புகை விலகியது. அவள் தட்டம் தூக்கிய பிள்ளைகளைக் கண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா!" என்று கத்தினாள். "ஆர் தே ரியல்?"

மேளம் நின்றுவிட்டது. தாய் பயந்துபோய்ப் பல்லக்குக்குக் கிட்ட ஓடினா. பெட்டைக்கு ஏதோ வந்துவிட்டதென்று பின்மேசையில் ஒருவர் விபூதி தேடினார். பிறகுதான் தெரிந்தது, அவள் நாலைந்து வருடமாக யப்பான் கார்ட்டூனே கதி என்று கிடக்கிறவளாம். படுக்கையறை முழுக்க அந்தப் படங்கள்தானாம். அந்தச் சீருடையை நேரில் காண்பேன் என்று அவள் நினைத்தே இருக்கவில்லை. பல்லக்கிலிருந்தபடி யப்பான் மொழியில் ஏதோ சொன்னாள். கொழுக்கட்டைத் தட்டம் வைத்திருந்த பிள்ளை முதல்முறையாகத் தடுமாறினாள். பிறகு பதில் சொன்னாள். பெட்டையின் முகத்தில் வந்த வெளிச்சத்தை வீடியோக்காரர் மூன்று பக்கத்தாலும் பிடித்தார்.

அன்றைய அறிவிப்பாளர் செந்தமிழ்க்காரர். வாத்தியாரின் பெயரை என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருடைய வாயில் அது நுழையவில்லை. "கதிரவன் முதன்முதல் கண்விழிக்கும் திருநாட்டிலிருந்து, எங்கள் செல்வமகளை வாழ்த்தவென்றே வான்வழி வந்திருக்கும் யப்பானியப் பெருந்தகை அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கின்றோம்!" என்றார். வாத்தியார் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஏறினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் தன்னுடைய மொழியில் நீளமாகப் பேசினார். பேசி முடித்து என்னைப் பார்த்தார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. யப்பான் மொழியில் எனக்குக் காலை வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். மேடையில் மணவறைக் கதிரையில் இருத்தப்பட்டிருந்த பெட்டை கையை நீட்டினாள்.

"மைக்கைத் தாங்கோ. நான் சொல்லுறன்."

அவள் மைக்கை வாங்கி, "ஹீ சேய்ஸ்... நீங்கள் எல்லாரும் நல்ல ஆக்களாம். தாங்க்ஸாம். அண்ட், சாப்பாடு நல்லதாம்," என்றாள்.

"இன்னும் ஒருத்தரும் சாப்பிடேல்லையே," என்று முன்வரிசையில் ஒரு அங்கிள் சொன்னார்.

அவள் அதைக் கவனிக்காமல் வாத்தியாரின் பக்கம் திரும்பி, குரலைத் தடிப்பாக்கி, யப்பான் மொழியில் உரத்துப் பதில் சொன்னாள். மாணவிகள் ஒரு கணம் உறைந்துபோனார்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து சிரித்தார்கள். வாத்தியாரின் புருவம் மேலே போனது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதுவரை குனிந்ததைவிடத் தாழ்வாகக் குனிந்து வணங்கினார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பின்னர் பஸ்ஸில்தான் அவர் எனக்கு விளக்கினார். கார்ட்டூன்களில் வருகிற பழைய காலத்துக் கொள்ளைக்காரத் தலைவன் பேசுகிற மொழியில் அவள் பேசினாளாம். "கிழவா, நீ துணிச்சல்காரன். உன்னை உயிரோடு விடுகிறேன். போய்ச் சாப்பிடு." இதைச் சொல்லிவிட்டு, "உச்சரிப்பு மிகத் தெளிவு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம். ரோல்ஸ், இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி. பிள்ளைகள் இடியப்பத்தைப் பெரிய மரியாதையோடு ஒவ்வொரு நூலாகப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நெற்றி மறைய முடி வெட்டிய ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ரீச்சர், இது என்ன விழா?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது மாணவி. அந்தச் சிறுமி பெரியவளாகிவிட்டாள், அதற்காகத்தான் என்று சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பல்லக்கைப் பார்த்தாள், புகை மெஷினைப் பார்த்தாள், ட்ரோனை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற ஆளைப் பார்த்தாள்.

"எங்கள் வீட்டில், நான் பெரியவளான அன்றைக்கு, அம்மா சிவப்புச் சோறு சமைத்தா. சிவப்புப் பயறு போட்ட சோறு. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அப்பா ரீவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்றும் கேட்டார். நான் செத்துப்போகலாமா என்று நினைத்தேன்."

நான் என்னுடைய கதையைச் சொன்னேன். நாங்கள் அகதியாக வந்து, ஒரு பழைய கட்டிடத்தின் எட்டாம் மாடியில் இருந்த நேரம். நான் பெரியவளானதுக்கு அம்மா குளியலறையில் வைத்து எனக்குத் தண்ணி வார்த்தா. வாளி வாளியாக வார்த்ததில் தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகி, அந்த வீட்டுக்காரன் கட்டிடக் காவலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்னைத்தான் கதவடிக்கு அனுப்பினா. நனைந்த சேலையோடும் தலையில் அறுகம்புல்லோடும் நின்று, குழாய் உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். காவலாளி குழாயைத் திருத்த உள்ளே வந்துவிட்டான்.

அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சம்பவத்துக்கு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "எங்கே நிற்கிறீர்கள்? பிடில்காரர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்!" நான் "ஸ்காபரோ," என்றேன். இனியும் தள்ளிப்போட முடியாது. எழும்பிப் போய்த் தகப்பனைத் தேடினேன். அவர் சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. உவை உங்கட கொம்பனி ஆக்கள் இல்லை. ஸ்கூல் ட்ரிப் வந்தவை. பஸ்காரன் பிழையான இடத்திலை இறக்கிப்போட்டான்."

அவர் மேடைப் பக்கம் திரும்பினார். பொன்னாடை போர்த்திய வாத்தியார் பிள்ளையின் மாமாமாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உவர் ஆர்?"

"வாத்தியார்."

"வாத்தியாரோ." மேடையை இன்னொருதரம் பார்த்தார். "குடும்பப் படத்திலை நடுவிலை நிக்கிறார். தங்கச்சி, மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்ல மாட்டேன் என்று நான் வாய் திறக்கும்போது வாசலில் பன்னீர் அன்ரியின் குரல் கேட்டது. "இன்னும் வருகினமோ!"

அண்ணையின் வெள்ளைக்கார மனேச்சர். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட் போட்ட இரண்டு யப்பான்காரர், தலையிலிருந்து பன்னீர் வடிய. அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை.

புதிதாக வந்தவர்கள் மண்டபத்தைப் பார்த்தார்கள். சேலைகளுக்கும் பலூன்களுக்கும் நடுவில், தங்கள் நாட்டுச் சீருடையில் ஒரு வகுப்பே இருந்து இடியப்பம் சாப்பிடுகிறது. அதில் வயது கூடியவர் ஒரு பிள்ளையிடம் ஏதோ கேட்டார். அவள் எழும்பி நின்று பதில் சொன்னாள். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அவரும் அந்தப் பிள்ளைகளின் ஊர்க்காரர்தானாம். வாத்தியார் பொன்னாடையோடு இறங்கி வந்தார். மூன்று பேரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், விசிட்டிங் கார்ட்டுகளை இரண்டு கைகளாலும் மாற்றிக்கொண்டார்கள். வாத்தியார் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும்: இன்றைய நிகழ்ச்சிநிரலின்படி வந்திருக்கிறோம். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு பேரும் தகப்பனுக்கு முன்னால் வந்து நீண்ட நேரம் குனிந்து நின்றார்கள்.

மனேச்சர் அண்ணையைத் தள்ளிக்கொண்டு போய், "இதை எப்படி ஏற்பாடு செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன்.

"டீம்வேர்க்," என்றார் அண்ணை.

போகிற நேரம் சாரதியைத் தேடத் தேவை இருக்கவில்லை. கடைசி மேசையில், நெற்றியில் சந்தனத்தோடு, இரண்டாந்தரம் ஆட்டிறைச்சிக் கறி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்திவிட்டு எங்களைத் தேடி வந்தவரை அன்ரி பிடித்து இருத்திவிட்டாவாம். பெட்டை நகைகளோடு வாசல்வரை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் கட்டிப்பிடித்தாள். தாய் ஒவ்வொருத்திக்கும் பலகாரப் பையும் ஒரு குங்குமச் சிமிழும் கொடுத்தா.

பஸ்ஸில் வாத்தியாருக்கு வரைபடத்தை விரித்து, கிழக்கையும் மேற்கையும் காட்டி, மெதுவாக விளங்கப்படுத்தினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐ ஸீ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சதுர நடனம் நாளைக்கு இருக்குமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிம்மதியாகப் பொன்னாடையை மடித்துத் தோல் பைக்குள் வைத்தார்.

அடுத்த வருடம் அந்தப் பாடசாலை திரும்பவும் எழுதியது. புதிய மாணவிகள் வருகிறார்களாம், போன வருடம் பார்த்த அந்த 'மகள் விழா' கட்டாயம் நிகழ்ச்சிநிரலில் இருக்கவேண்டுமாம். கிரேக்கப் பெண்மணி கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "இதை ஒழுங்கு பண்ண முடியுமா?" என்று கேட்டா. சாமத்தியவீடு என்பது ஒழுங்கு பண்ணுகிற விஷயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவவுக்கு விளங்கவில்லை. கடைசியில் நானே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்து, அந்தக் கிழமை யாருக்காவது வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். யூனியன்வில்லில் ஒரு குடும்பம் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள். தாய்க்காரியிடம் முழுக் கதையையும் சொல்லி, யப்பான் பிள்ளைகள் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். போனில் அவ யோசிக்கிறது கேட்டது.

"வரட்டும், அதுக்கென்ன," என்றா. "அவைக்கு மரக்கறிச் சாப்பாடோ, மச்சச் சாப்பாடோ?"